வரைவைப் பார்த்துக் கொடுத்தவர்

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு விரிவுரையாளர்கள் போவது பெரும்பாலும் குளிரூட்டிக்காகத்தான். நானும் அப்படிப் போனவன்தான். கொடிகாமம் சந்தியில் இறங்கித் தென்னங்காணிகளுக்கு நடுவே உள்ளே வந்தால் எங்கள் பொறியியல் கல்லூரி. வெயில் காலத்தில் நூலகத்தைத் தவிர மற்ற எல்லாக் கட்டடமும் கொதிக்கும். அங்கே ஒரு மூலையில் இருந்து விடைத்தாள் திருத்தியபோதுதான் உதவி நூலகர் யசிந்தா என்ன வேலை செய்கிறார் என்பதைக் கவனித்தேன். அதுவரை அவர் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் என்று நினைத்திருந்தேன்.

யசிந்தா குருநகர்க்காரர். தகப்பன் கடலுக்குப் போனவர். தமையன்மார் இப்போதும் போகிறார்கள். புவியியல் படித்து, பிறகு நூலகவியல் படித்தவர். பொறியியல் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. ஒரு மாணவன் வந்து பாலத்தின் பாரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டால், "அது உங்கடை சேரிட்டைக் கேக்கவேணும். ஆர் ஆர் அதைப்பற்றி எழுதியிருக்கினம் எண்டு வேணுமெண்டால் காட்டுறன்" என்பார். காட்டுவதென்றால் எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. மாணவனையே கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, தேடும் சொல்லை அவனையே தட்டச் சொல்லி, பின்னால் நின்று "உது கனக்க வரும், இன்னும் ஒடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்த கட்டுரைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வேண்டியவை மட்டும் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், நீங்களே எடுத்துக் கொடுத்தால் என்ன என்று.

"நான் எடுத்துக் குடுத்தால் நாளைக்கும் என்னட்டைத்தான் வருவினம் சேர். எனக்கு அஞ்சு மணி பஸ் பிடிக்கவேணும்" என்றார்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. எல்லாரும் ரியூசனில் வளர்ந்தவர்கள். வாத்தியார் தந்த குறிப்பை ஒரு சொல் பிசகாமல் எழுதினால்தான் புள்ளி என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். இங்கே வந்ததும் எல்லாம் ஆங்கிலம். புத்தகத்தில் ஒரு வசனம் நன்றாக இருந்தால் அதை மாற்றி எழுத அவர்களுக்குக் கை வராது. எழுதியவர் பெரிய ஆள், அவருடைய வசனத்தில் கை வைக்க நான் யார் என்ற எண்ணம். பயபக்தியோடு அப்படியே எடுத்துத் தங்கள் இறுதியாண்டு அறிக்கையில் வைத்துவிடுவார்கள். அதைக் களவென்று சொன்னால் உண்மையிலேயே திகைப்பார்கள்.

ஆனால் நூலகத்தில் இருக்கும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. மாணவர்கள் அதை மெசின் என்பார்கள். ஒவ்வோர் அறிக்கையையும் ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஒப்பிட்டு, எத்தனை வீதம் பிறருடையது என்று சொல்லிவிடும். கால் பங்குக்கு மேல் போனால் விடயம் ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகும். குழு குற்றம் கண்டால் ஒரு வருடம் நிறுத்தம். சில வருடங்களுக்கு முன் ஒரே வகுப்பில் பலர் அப்படி மாட்டினார்கள். ஒரு பிள்ளை படிப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளை நூலகத்தில் வந்திருந்து அழுத கதிரையை யசிந்தா எனக்குக் காட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அவர் வரைவு பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அறிக்கையை முறைப்படி கையளிப்பதற்கு முன் மாணவன் வரைவைக் கொண்டுவருவான். யசிந்தா அதை மெசினில் ஏற்றி, நிறம் மாறித் தெரியும் வசனங்களைக் காட்டி, "இதை மூடிவைச்சிட்டு எனக்குத் தமிழிலை சொல்லும் பாப்பம்" என்பார். மாணவன் தமிழில் சொல்வான். "இப்ப உதை இங்கிலீசிலை எழுதும். ஆரிட்டை எடுத்தது எண்டு கீழை போடும்." அவ்வளவுதான் வைத்தியம். மாட்டுகிறவர்களின் தொகை வருடா வருடம் குறைந்துவந்தது.

கல்லூரி விதிப்படி இது கூடாது. ஓர் அறிக்கையை ஒரு தடவைதான் மெசினில் போடலாம். முன்கூட்டிக் காட்டினால் மாணவர்கள் மெசினை ஏமாற்றப் பழகிவிடுவார்கள் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்கள். அதனால் யசிந்தா ஒவ்வொருவருக்கும் "வெளியிலை கதைக்காதையும்" என்று சொல்லித்தான் பார்த்துக் கொடுத்தார். விரிவுரையாளர்களுக்கும் விடயம் தெரியும். அறிக்கைகள் வாசிக்கக்கூடியவையாக வந்துகொண்டிருந்ததால் நாங்கள் மூச்சு விடவில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. மெசினில் போடுவதையெல்லாம் அது தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். வரைவு சேமிக்கப்பட்டால், பிறகு வரும் இறுதி அறிக்கை அந்த வரைவின் பிரதி என்று மெசின் சொல்லிவிடும். இதைத் தவிர்க்க ஒரு சிறிய கட்டத்தில் சரி போடவேண்டும், சேமிக்க வேண்டாம் என்று. யசிந்தா ஒவ்வொரு தடவையும் போட்டுவந்தார்.

போரில் இடம்பெயர்ந்து, பிறகு மயிலிட்டியில் மீளக் குடியேறிய ஒரு கடற்தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை சுபாங்கன். கதைப்பது குறைவு. கொடிகாமத்தில் அறை எடுத்துத் தங்கிப் படித்தான். தன் ஊர்த் துறைமுக வாயிலில் மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு. நூலகத்தில் அவனும் யசிந்தாவும் மணலைப் பற்றித் தேடியதுபோல வேறு எதையும் யாரும் தேடி நான் பார்த்ததில்லை. இருவருக்குமே கடல் வீட்டு விடயம் என்பதால் இருக்கலாம். அவன் வரைவைக் கொண்டுவந்த அன்று இணையம் விட்டுவிட்டு வந்தது. யசிந்தா கட்டத்தில் சரி போட்டார், பக்கம் அறுந்தது. மறுபடி திறந்தபோது கட்டம் பழையபடி வெறுமையாக இருந்தது. அவன் சோளகக் காற்றைப் பற்றி ஏதோ சொல்ல, இவர் குருநகர்ப் பக்கத்தில் அப்படியில்லை என்று மறுக்க, அந்தப் பேச்சிலேயே வரைவை ஏற்றிவிட்டார்.

மூன்று கிழமை கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சுபாங்கனின் இறுதி அறிக்கை முறைப்படி மெசினுக்குப் போனது. கிட்டத்தட்ட முழுவதும் பிரதி என்று வந்தது. எதன் பிரதி? இதே கல்லூரியில் முன்பு ஏற்றப்பட்ட ஒரு மாணவர் அறிக்கை. பெயர் இல்லை, திகதி மட்டும். முடிவு தன்பாட்டில் சுபாங்கனுக்கும் ஒழுக்காற்றுக் குழுத் தலைவர் பரமலிங்கம் சேருக்கும் போய்விட்டது. திகதியைக் கண்ட உடனேயே யசிந்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுபாங்கனின் வரைவை அவர் ஏற்றிய நாள் அது.

உடனே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. சிரேஷ்ட உதவி நூலகர் பதவிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். நேர்முகம் அடுத்த கிழமை. பல வருடங்களாகக் காத்திருந்த பதவி. நேர்முகக் குழுவிலும் பரமலிங்கம் சேர்தான். விதியை மீறி வரைவு பார்த்தேன், அதிலும் பிழை விட்டேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கதவுக்குள் எப்படிப் போவது? சுபாங்கன் எப்படியும் குழுவிடம் உண்மையைச் சொல்லுவான், கேட்டால் ஓம் என்று ஒத்துக்கொள்வோம், நாமாகப் போய் வாயைக் கொடுப்பானேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாராம். நானாக இருந்தாலும் அப்படித்தான் தேற்றியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் குழு கூடியது. குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. பரமலிங்கம் சேர் கடுமையானவர் அல்ல. சுபாங்கனை இருக்கச் சொல்லிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இந்த றிப்போர்ட்டை இதுக்கு முதல் ஆரிட்டையாவது குடுத்தனீரோ?"

"இல்லை சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும். இன்னொருத்தர் எழுதினதை வாங்கினீரெண்டுதான் நாங்கள் நினைக்கவேண்டி வரும்."

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை சேர்."

எனக்கு வரைவு விடயம் நினைவுக்கு வந்தது. ஆனால் அவனே இல்லை என்கிறான். அவனை வெளியே இருக்கச் சொன்னார்கள். நிறுத்தம் என்று எழுதுவதற்கு நான் வசனம் தேடிக்கொண்டிருந்தபோது கதவில் தட்டும் சத்தம் கேட்டது. யசிந்தா. அவரை யாரும் கூப்பிடவில்லை; கூப்பிடாததிலிருந்தே அவன் உண்மையைச் சொல்லவில்லை என்று விளங்கித் தானாக வந்தாராம்.

"அந்த முதல் கொப்பி நான் ஏத்தினது சேர்" என்றார். "அது சுபாங்கன்ரை வரைவுதான். சேமிக்க வேண்டாமெண்டு சரி போட மறந்துபோனன்."

பரமலிங்கம் சேர் என் பக்கம் திரும்பி, பேனாவை வைக்கச் சொன்னார். அவருக்கு யசிந்தாவைப் பிடிக்கும். "மெசின் பிழை எண்டு போட்டு முடிப்பம். பிள்ளைக்கும் பிரச்சினை இல்லை, உங்களுக்கும் பிரச்சினை இல்லை" என்றார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

"மெசின் பிழை விடேல்லை சேர். மெசின் பிழை விடுமெண்டு எழுதினால் நாளைக்கு உண்மையாக் கள்ளம் செய்யிறவனும் அதைத்தான் சொல்லுவான். நான் பிழை விட்டனான் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுபாங்கனின் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவன் தன் வகுப்போடு பட்டம் பெற்றான். யசிந்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது; பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அடுத்த வருடமே வரைவு பார்ப்பதை விதியாக்கிவிட்டார்கள். இப்போது அதற்கு நேர அட்டவணைகூட உண்டு. அதைக் கொண்டுவந்த பெருமை புதிய சிரேஷ்ட உதவி நூலகருக்கு. கூட்டங்களில் அவர் அதைப்பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். யசிந்தாவுக்கு வருவதாகத் தெரியவில்லை. ஏற்றுவதற்கு முன் யாரையாவது கூப்பிட்டு, "ஒருக்கா இந்தக் கட்டத்தைப் பாருங்கோ" என்று காட்டிவிட்டுத்தான் இப்போது பொத்தானை அழுத்துகிறார். என்னைக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல மனுசியைப் பற்றிய கதையாக முடிந்துவிடும். யசிந்தாவுக்கே அது பிடிக்காது. அன்று குழு அறைக்கு வெளியே நடந்ததை எழுதாமல் விடாதீர்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அறைக்கு வெளியே, காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த நீண்ட வாங்கில் சுபாங்கன் இருந்தான். உள்ளே பேசியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. யசிந்தா வெளியே வந்ததும் எழும்பினான்.

"ஏன் மிஸ் சொன்னனீங்கள்? உங்கடை இன்ரவியூ வருகுதெல்லே. எனக்கு ஒரு வருசம்தானே."

யசிந்தாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு வருசம்தானே எண்டு கடலுக்குப் போற கொப்பரிட்டைப் போய்ச் சொல்லுவீரோ? களவெடுத்தவன் எண்ட பேரோடை? என்னைக் காப்பாத்தச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

கேட்டு முடித்ததும் யசிந்தாவுக்குக் கோபம் இறங்கியது. சொல்லாமல் விட்டால் நெஞ்சில் கிடந்து அறுக்கும் என்று தெரிந்ததால் சொன்னார்.

"நான் வெள்ளிக்கிழமையே கண்டிட்டன் தம்பி. இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை."

"தெரியும் மிஸ்."

"என்ன தெரியும்?"

"சனிக்கிழமை பஸ் ஸ்ராண்டிலை என்னைக் கண்டிட்டு நீங்கள் மற்றப் பக்கம் திரும்பினனீங்கள். அப்பவே விளங்கிட்டுது."

சனிக்கிழமை நூலகம் அரைநாள். மத்தியானம் கொடிகாமம் சந்தையடிப் பஸ் நிலையத்தில், மரக்கறி மூட்டைகளுக்கு இடையில், சுபாங்கன் தன்னை நோக்கி வருவதைக் கண்டு யசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனக்கு வேண்டாத பஸ்ஸில் ஏறியிருந்தார். அவன் காணவில்லை என்று நினைத்திருந்தார்.

"விளங்கியுமோ உள்ளை போய் இல்லையெண்டு சொன்னனீர்?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு உங்களுக்குச் சொன்னனான்தானே, மிஸ்."

யசிந்தா வாங்கில் இருந்துவிட்டார். அவனும் பக்கத்தில் இருந்தான். ஐந்து மணி பஸ் சந்தியைக் கடந்து போகிற சத்தம் கேட்டது, அவர் எழும்பவில்லை.