கடைசிப் பக்கம் பார்த்து மங்கா விற்ற கதை

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பெரியவர்களுக்கான மங்கா, அதாவது ஜப்பான்காரரின் சித்திரக்கதை, விற்றவன் நான். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போடும்போது "புத்தகக்கடையில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பாடப்புத்தகம் விற்கிறேன் என்று நினைத்து மாமனார் பெருமைப்பட்டார்.

கடை போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் அங்கே தரை துடைக்கத்தான் போனேன். விற்பனைக்கு நின்றவன் விலகியதும் முதலாளி நினோ, "சிவா, உனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பேசுவேன்; வாசித்தால் எழுத்துக்கூட்டுவேன், பொருள் பிடிபடாது. ஆனால் வேலை இருந்தால்தான் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பார்கள். அந்த வதிவிட அனுமதிக்காக, ஜப்பான் மொழி தெரியுமா என்று கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரியவர்களுக்கான மங்கா என்றதும் நீங்கள் நினைப்பது எனக்கு விளங்குகிறது. அதுவும் இருந்தது. ஆனால் அதிகம் விற்றது கலியாணம் கட்டினவர்களின் தொல்லைதான். புருஷன் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வேறொருத்தி வீட்டில் இருப்பான். பிழை செய்ய நாலு பக்கம் போதும். பிறகு நூறு பக்கத்துக்குப் புருஷனும் பெண்சாதியும் சமையலறையில் முகம் பாராமல் நிற்பார்கள். சிசிலிக்காரராக இருந்தால் ஐந்தாம் பக்கத்திலேயே கோப்பை பறந்திருக்கும்.

வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியிலை சேருகினமோ, பிரியினமோ?" என்பதுதான். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பொலித்தீன் உறை போடுமுன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்ப்பேன். சேர்ந்தால் பச்சை ஸ்டிக்கர், பிரிந்தால் சிவப்பு. இரண்டு வருடம் ஒன்றும் பிசகவில்லை. நினோ என்னைக் கெட்டிக்காரன் என்றார்.

பிறகு புத்தகங்களை ஜப்பானில் வருவதுபோலவே, வலப்பக்கத்திலிருந்து வாசிக்கும்படி அச்சடிக்கத் தொடங்கினார்கள். நினோ அதை எனக்கு விளக்கினார், மிக வேகமாக. நான் நன்றாகத் தலையாட்டினேன். இடப்பக்கம் திறந்தால் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. விளம்பரமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் இறைச்சிக்கடை கார்மெலோ வந்தார்.

"சிவா, ரோசாலியா என்னை விட்டிட்டுப் போயிட்டாள். பிரான்காச்சோவிலை தாய் வீட்டிலை நிக்கிறாள். நான் ஒரு பிழை விட்டுட்டன்."

"ஒண்டோ?"

"சரி, ரெண்டு. அவள் உந்த மங்கா வாசிக்கிறவள். பெண்சாதி மன்னிச்சுத் திரும்பி வாற கதை ஒண்டு தா. கொண்டுபோய்க் குடுக்கப் போறன்."

மாட்டை முழுதாகத் தோளில் சுமக்கிற மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. பச்சை ஸ்டிக்கரில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு பெண் பெட்டியோடு ரயிலேறுகிறாள். கடைசிப் பக்கத்தில் புருஷனோடு சிரித்துச் சிரித்துச் சோறு சாப்பிடுகிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்?

நாலு நாள் கழித்து ரோசாலியாவே கடைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. புத்தகத்தை மேசையில் வைத்து, "இதை ஆர் தெரிஞ்செடுத்தது?" என்று கேட்டார். வலப்பக்கத்திலிருந்து திறந்து காட்டினார். சோறு சாப்பிடுவது தொடக்கம். ரயிலேறுவதுதான் முடிவு. நான் விளம்பரம் என்று விட்டது, 'இது கடைசிப் பக்கம், மறுபக்கம் திற' என்ற எச்சரிக்கையாம்.

நினோ பக்கத்தில் நின்றார். வாயைத் திறந்தால் என் வேலை போகும், திறக்காவிட்டால் கார்மெலோவின் குடும்பம் போகும்.

"சிஞ்ஞோரா, பிழை என்ரை. எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. அவர் மன்னிக்கிற கதைதான் கேட்டவர். நான் மாறிப் பாத்துப்போட்டன். அவரோடை கோவிக்காதேங்கோ."

அந்த அம்மா சிரித்தார்.

"உனக்கு வாசிக்கத் தெரியாது, சரி. அவனுக்குத் தெரியும்தானே? என்ரை கையிலை தரேக்கை பொலித்தீன்கூடப் பிரிக்கேல்லை. பதினெட்டு வருசமா நான் என்ன வாசிக்கிறன் எண்டு ஒருக்காலும் திறந்து பாக்காத மனிசன். மன்னிப்புக் கேக்கவும் உன்னைப் பிடிச்சிருக்கிறான்." பிறகு நினோவிடம், "தொரினோவுக்குத் தங்கச்சியிட்டைப் போறன். இதின்ரை ரெண்டாம் பாகம் இருந்தால் தா, ரயிலிலை வாசிக்க" என்றார்.

நினோ என்னை வேலையால் நிறுத்தவில்லை. தினமும் கடை திறக்குமுன் ஒரு மங்காவைச் சத்தமாக வாசிக்க வைத்தார். அதனால் என் இத்தாலியன் முழுக்கப் பிழை விட்ட புருஷன்மாரின் இத்தாலியன். "இது நீ நினைக்கிறதுபோல் இல்லை" என்பதுதான் நான் பிழையில்லாமல் வாசிக்கப் பழகிய முதல் வசனம்.

ரோசாலியா வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது, என் மனைவி ரஞ்சி ஏதோ தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக அவள் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், என்ன கதை என்று கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் இருந்து, "என்ன கதை உது? சொல்லுமன், கேப்பம்" என்றேன்.

புத்தகத்தை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் அவள்?"

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். "என்ன கதை உது?" என்ற கேள்வியைக் கலியாணம் கட்டிய முதல் வாரமே கேட்டுவிடுங்கள். எட்டு வருடம் தள்ளிப்போட்டால், ஒரு பிழையும் செய்யாதவனும் சோறு ஆறும்வரை விளக்கம் சொல்லவேண்டி வரும்.