துவைகல்லுக்குப் பொங்கல்

எங்கள் சமயநல்லூர்த் தெருவை அகலப்படுத்த இன்று அளக்க வந்தார்கள். எதிர்வீட்டு மாரிச்சாமியின் வாசலில் ஒரு சூலமும் மஞ்சள் பூசிய கல்லும் புதிதாக முளைத்திருந்தன.

"கோயில் இருக்கு, அந்தப் பக்கம் தொட முடியாது" என்று அதிகாரி அளவுக் கோட்டை என் பக்கம் வளைத்து, என் முன்னறைச் சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டார்.

"ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், வாங்க அப்பத்தா" என்கிறான் மாரிச்சாமி.

"வாரேன்டா. போன மாசம் வரைக்கும் அந்தக் கல்லுலதானடா உம்பொண்டாட்டி பாவாடை துவைச்சா?"

அதிகாரி காதிலும் விழுந்தது. "சாமி விசயம், நமக்கெதுக்குப் பாட்டி" என்று நடையைக் கட்டினார்.

இவன் அப்பன் என் வயல் வேலியைத் தள்ளி நட்டதையே நான் இன்னும் மறக்கவில்லை. இதையா மறப்பேன்?

கொல்லையில் என் ஆட்டுரல் சும்மாதான் கிடக்கிறது. அதற்கு என்ன சாமி பேர் வைக்கலாம், சொல்லுங்கள்.