முப்பத்துநான்கு சதவீதத்தில் நின்றுபோன பகல்

“இந்த முப்பத்திநாலு எப்பம்மா முப்பத்தஞ்சு ஆகும்?”

அப்பா என்னைத்தான் கேட்டார். பள்ளிக்கூடம் முடித்தவள், கம்ப்யூட்டர் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். பார்சல் ஆபீஸ் கவுன்டரின் கம்பிக்குப் பின்னால் இருந்த திரை முழுவதும் நீலமாக இருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே, ‘அப்டேட் ஆகிறது, 34%, அணைக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் ஒன்பதேகாலுக்கு வந்தபோதும் முப்பத்துநான்குதான். இப்போது மணி பத்தேமுக்கால். 

அவருக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோழிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். பட்டறையை மூடியபோது அங்கே கிடந்த ஓட்டை ஃபிரிட்ஜ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே பல்பு மாட்டி, நாற்பது முட்டை வைத்துப் பொரிக்கப் பழகினார். இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் என் உயரத்துக்குப் பலகையில் செய்த இன்குபேட்டர் இருக்கிறது. அறுநூற்று நாற்பது முட்டைகள் பிடிக்கும். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி என்று பென்சிலால் போட்டு வைத்திருப்பார். எதைத் திருப்பினோம், எதைத் திருப்பவில்லை என்று அதை வைத்துத்தான் தெரியும். சூடு சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், தெர்மாமீட்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு முட்டையை எடுத்து மூடிய கண் இமைமேல் வைத்துப் பார்ப்பார்.

அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. வருடம் முழுக்கக் கோழிகளைக் கவனித்துக்கொண்டே இருப்பார். மழையிலும் முட்டையிடுவது எது, மற்றதைக் கொத்தாதது எது, சீக்குக்கு அசராதது எது என்று பார்த்து, அவற்றின் முட்டைகளை மட்டும் பொரிக்க வைப்பார். முட்டைகள் உள்ளே போனதும் வெளியில் இருக்கும் கோழிகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாகப் போட்டுவிடுவார். பழைய சீக்கு எதுவும் புதுக்குஞ்சுக்கு ஒட்டக்கூடாது என்பதற்காக.

அம்மா வருடாவருடம் சொல்லுவாள்: “பத்து கோழியையாவது விட்டு வைங்களேன்.”

“பத்த விட்டா பத்தோட சீக்கும் நிக்கும்டி.”

இப்படியே எட்டு வருடம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வர்க்கம் அது. வருடத்தில் இருபத்தொரு நாள் மட்டும் அந்த வர்க்கம் முழுவதும் ஒரே ஒரு பலகைப் பெட்டிக்குள் இருக்கும். வேறு எங்கேயும் ஒரு கோழிகூட மிச்சம் இருக்காது.

பதின்மூன்றாம் நாள், திங்கட்கிழமை, இன்குபேட்டரின் கன்ட்ரோல் போர்டு புகைந்துவிட்டது. சூட்டை ஏற்றி இறக்குவது அதுதான். அப்பா அதைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, “போச்சு” என்றார். ஐந்து கடைகளில் கேட்டோம். இல்லை. அன்றே போனில் ஆர்டர் போட்டேன். இரண்டு நாளில் வந்துவிடும் என்று காட்டியது. அதுவரை அப்பாவும் அம்மாவும் இரவும் பகலும் முறைவைத்து உட்கார்ந்து, நான்கு பல்புகளைக் கையால் போட்டும் அணைத்தும் சூட்டைப் பிடித்து வைத்தார்கள். முப்பத்தேழரை டிகிரி. கொஞ்சம் இறங்கினால் தாங்கும். ஏறினால் தாங்காது.

புதன்கிழமை காலையில், ‘உங்கள் பார்சல் அருகிலுள்ள அலுவலகத்தை வந்தடைந்தது’ என்று போனில் வந்தது. வியாழனும் அதே வரி. வெள்ளியும் அதே வரி. அப்பா வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. “முக்கியம்னா எடும்மா” என்று அப்பாவும் திரும்பத் திரும்பச் சொன்னார். அது பதிவு செய்த குரல் என்று நான் சொன்னதும் கோபம் என்மேல் திரும்பியது. அதனால்தான் வெள்ளிக்கிழமை, பதினேழாம் நாள், நேராக ஆபீசுக்கே வந்துவிட்டோம்.

ஆபீஸ் என்றால் ஒரு ஷட்டர் போட்ட அறை, கம்பி வைத்த கவுன்டர், பின்னால் கூரைவரை பெட்டிகள் அடுக்கிய இன்னொரு அறை. கவுன்டரில் இருந்த அக்கா ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

“சிஸ்டம் வந்தாத்தான் சார் எந்தப் பெட்டி எந்தத் தட்டுலன்னு தெரியும்.”

எங்களுக்கு முன்னால் நின்ற தையற்காரர் திரும்பி அப்பாவிடம் சொன்னார்: “நேத்து சாயங்காலம் நான் வந்தப்ப இருபத்தெட்டு. இப்ப முப்பத்திநாலு. நான் கணக்குப் போட்டுட்டேண்ணே. பத்து பதினோரு நாள்ல நூறு ஆயிடும். அதுக்குள்ள ஜிப்பு வந்து, பேன்ட் தைச்சு, மாப்பிள்ளை போட்டுக்கணும். அதுவரைக்கும் மாப்பிள்ளை இடுப்பைப் புடிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு அம்மா கூப்பிட்டாள்.

“முப்பத்தேழு புள்ளி நாலு. ரெண்டு பல்பை அணைச்சிருக்கேன். பெட்டி கிடைச்சுதா?”

“இன்னும் இல்லம்மா.”

“அப்பா சண்டை போட்டாரா?”

“இன்னும் இல்லம்மா.”

பதினொன்று நாற்பதுக்கு மறுபடி கூப்பிட்டாள். குரல் குழறியது. “நம்பர் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடி. இறங்குற மாதிரி இருக்கு. நாலு பல்பையும் போட்டிருக்கேன். சீக்கிரம் வாங்க.”

பன்னிரண்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவரே அடித்தார். முழுவதும் அடித்து ஓய்ந்தது.  நான்கு பல்பும் எரிகின்றன, அணைக்க ஆள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

வீட்டுக்கு ஓடலாம். ஆனால் ஓடினால் இன்று பெட்டி இல்லை, நாளையும் இந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்பா வரிசையை விட்டு வெளியே வந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, கதவைத் திற. நானே தேடி எடுத்துக்கிறேன்.”

“முடியாது சார்.”

“இத்தனூண்டு பெட்டி. என் பேர் எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும்.”

“உள்ள நானூறு பெட்டி இருக்கு சார். நேத்து ஒருத்தரைப் பாவம்னு உள்ள விட்டேன். அவர் எடுத்துட்டுப் போனது யாரோ ஒரு பாட்டியோட மருந்து. அந்தப் பாட்டி மகன் என்னைப் பேசாத பேச்சில்ல.”

“அதுக்கு நான் என்ன பண்ண? மூணு நாளா வந்திருச்சு வந்திருச்சுன்னு பொய் சொன்னது யாரு? நீயா, அந்தப் பெட்டியா?” என்று அப்பா திரையைக் காட்டிக் கத்தினார். “வீட்டுல உசிரு இருக்கும்மா. அறுநூத்தி நாப்பது உசிரு. எட்டு வருஷம்!”

அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டாள்.  “என்னைத் திட்டி என்ன சார் ஆகப்போகுது? நான் காலைலேருந்து தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல” என்றாள்.  தையற்காரர் அப்பாவின் தோளைத் தொட்டு, “அண்ணே, அண்ணே” என்றார்.

அப்போதுதான் டெலிவரி கொடுப்பவர் சாப்பாட்டு வேளைக்காக உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “என்ன சத்தம்? தெரு முனை வரைக்கும் கேக்குது” என்றார். அக்கா அப்பாவிடம் விலாசம் எழுதிய சீட்டை வாங்கி அவர் முன் வைத்தாள். அவர் படித்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தத் ‘தட்டாதீர்கள்’ வீடா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ரெண்டு நாளும் வந்தேனே சார். கதவுல இத்தாம் பெரிய அட்டை. ‘தட்டாதீர்கள், திறக்காதீர்கள், உள்ளே முட்டைகள்’னு. சரி, ஏதோ காரணமாத்தான் எழுதியிருக்காங்கன்னு தட்டல. போன் அடிச்சேன். நேத்தும் பிஸி, முந்தாநாளும் பிஸி. யார்கிட்டதான் சார் அவ்வளவு நேரம் பேசுனீங்க?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.  நான்தான் சொன்னேன்: “உங்க கஸ்டமர் கேர்ல, அண்ணே. லைன்ல காத்துக்கிட்டிருந்தார்.”

கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சூடு இறங்கும். அதனால் யாரும் தட்டக்கூடாது என்று அப்பா சொன்னார். அந்த அட்டையைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதியது நான். பெட்டிக்காகக் காத்திருந்த நாங்களே பெட்டி கொண்டுவந்தவரை இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர் ‘ஆள் இல்லை’ என்று பதிந்தது எங்கள் போனுக்கு வரவேயில்லை. கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“பெட்டி இப்ப எங்க?” என்று அப்பா கேட்டார். குரல் கீழே இறங்கிவிட்டது.

“ரெண்டு தடவை போயும் குடுக்கலன்னா திருப்பி அனுப்பற மூட்டைல போயிடும். பன்னெண்டரைக்கு லாரி வரும்.” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பதினெட்டு. சாப்பாட்டுப் பையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சாக்கைக் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் புத்தகம் அளவில் ஒரு பழுப்புப் பெட்டி. அப்பா கம்பி இடைவெளியில் கையை நீட்டினார்.

“இருங்க சார்” என்றாள் அக்கா. “சிஸ்டம் இல்லாம கவுன்டர்ல எதையும் குடுக்கக் கூடாது. குடுத்தா நான் தொலைச்சதா ஆயிடும்.”

“அம்மா தாயே…” என்று அப்பா ஆரம்பித்தார்.

“சொல்றதைக் கேளுங்க. கவுன்டர்லதான் கூடாது. வீட்டு வாசல்ல குடுத்தா, மிஷின் வேலை செய்யலன்னா காகிதத்துல கையெழுத்து வாங்கிக்கலாம். அதுக்கு ரூல் இருக்கு.” டெலிவரி அண்ணனைப் பார்த்தாள். “போயிட்டு வர்றியா? சாப்பாடு?”

“சாப்பாடு எங்க ஓடிடப் போகுது?” என்று அவர் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

இப்படித்தான் அப்பா தன் பெட்டியைத் தன் கையில் வாங்க முடியாமல் அதன் பின்னாலேயே வண்டியில் துரத்திக்கொண்டு போனார். நான் பின்னால் உட்கார்ந்து அம்மாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. சிக்னலில் டெலிவரி அண்ணன் நின்றபோது, அப்பா பக்கத்தில் போய் நிறுத்தி, அவர் பையை ஒரு பார்வை பார்த்தார். “உள்ளதான் சார் இருக்கு” என்றார் அவர்.

வீட்டில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இன்குபேட்டரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அவள் மடியில் இருந்தது. நான்கு பல்பும் எரிந்தன. தெர்மாமீட்டர் நாற்பது புள்ளி இரண்டு.

அப்பா பல்புகளை அணைத்து, கதவுகளை அகலத் திறந்தார். அம்மா திடுக்கிட்டு விழித்து, எண்ணைப் பார்த்து, “ஐயோ, அஞ்சு நிமிஷம்தாங்க கண்ண மூடினேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“சரி, சரி. அந்த ஜன்னலைத் திற” என்றார் அப்பா.  அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு முட்டையை எடுத்துக் கண்ணில் வைத்தார். இன்னொன்றை வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

டெலிவரி அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். திறந்துகிடந்த கதவைக்கூடத் தட்டவில்லை. அப்பா முட்டைக்குக் குறி போடும் பென்சிலாலேயே அவருடைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினார். போர்டைப் பொருத்த இருபது நிமிடம் ஆனது. சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. முப்பத்தேழரை வந்து நின்றது. உயிர் இருக்கிறதா என்று மட்டும் அந்த விளக்குக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை இருபத்தொன்றாம் நாள். காலையில் ஒரு சத்தமும் இல்லை. மதியமும் இல்லை. அம்மா அறைப்பக்கமே வரவில்லை. நாலு மணிக்கு மூன்றாவது தட்டில் ஓர் ஓடு விரிந்தது. புதன் மாலைவரை எண்ணினோம். நூற்று எழுபத்தொன்று. மற்றவற்றை அப்பா கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். மண்ணை மூடிவிட்டு வந்து, “போதும். இதுல பொறுக்கிக்கலாம்” என்றார். “அடுத்த தடவை பத்து கோழிய விட்டு வைக்கலாம்” என்று அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஒருவழியாக அப்டேட் முடிந்தபோது, அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் பெட்டியைத் தானாகவே லாரியில் ஏற்றியதாக எழுதிக்கொண்டது. லாரி போன இடத்தில் பெட்டி இல்லை. காணாமல் போனதாகச் சொல்லி டெலிவரி அண்ணனிடமும் கவுன்டர் அக்காவிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பென்சில் கையெழுத்து செல்லாதாம். பெட்டி எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அப்பா கடிதம் எழுதிக் கொண்டுபோனார். மேலே அனுப்ப அந்த ஆபீசில் வழி இல்லையாம். சேவை எண்ணில் அதே பெண் குரல்தான் வருகிறது.

அதனால்தான் இதை எழுதினேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் குறை இல்லை. இதைப் படித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்த நாலு பேருக்குக் கொடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வரியைத் திருத்த முடிந்த யாரோ ஒருவர் கண்ணில் படும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். பெட்டி தொலையவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிடாமல் வந்த ஒருவர் அதை எங்கள் வாசலில் கொடுத்தார்.