ஜெயில் வாசலிலிருந்து சிதம்பரத்துக்கு இருபத்தாறு மைல்

கடலூர் ஜெயிலிலிருந்து சிதம்பரத்துக்கு மூன்று தடவை புறப்பட்டிருக்கிறேன். முதல் இரண்டு தடவை அன்றைக்கு ஊர் போய்ச் சேரவில்லை. மூன்றாவது தடவை, 1946 மார்ச்சில், சேர்ந்தேன். அதே வழியில் தனியாகப் போகவேண்டியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பவுண்டர். அபின் பழக்கம். மூன்று தடவையும் மருந்து அலமாரியில் திருடித்தான் உள்ளே போனேன். கடைசியாகத் திருடியது, சிதம்பரம் கீழவீதியில் நான் வேலை பார்த்த டாக்டரம்மாவிடம். அவரே கோர்ட்டில் எனக்காகப் பேசினார். "ஜெயிலில் அபின் கிடைக்காது, சரி. வெளியே வந்ததும் என்ன செய்வார்? என்னிடம் விடுங்கள், வைத்தியம் பார்க்கிறேன்." மாஜிஸ்திரேட், "மூன்றாவது குற்றம் அம்மா" என்று சொல்லி ஒன்பது மாதம் போட்டார். உள்ளே முதல் பத்து நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். பிறகு உடம்பு தேறியது. ஆசை தேறவில்லை.

காலை ஏழு மணிக்கு ரயில் பாஸ் கொடுத்து வெளியே விட்டார்கள். வாசலில் எனக்கென்று யாரும் இல்லை. ஒரு குதிரைவண்டிக்காரர் மட்டும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க, பழைய எடந்தானே?"

பழைய இடம் என்றால் லைசென்ஸ் அபின் கடை.

"இல்ல, ஸ்டேஷனுக்கு."

"ரயிலு ஒம்போதரைக்குத்தான். நேரம் ஜாஸ்தி கெடக்கு. ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாமே?"

கெட்ட மனுஷர் இல்லை. ஒன்பது மாதத்தில் என்னை "வாங்க" என்று கூப்பிட்ட முதல் ஆள். அதனாலேயே பயந்துபோய், ஏறாமல் நடந்தேன். முதுநகர் ஸ்டேஷன் மூன்று மைல். ஒரு மணி பத்து நிமிஷம் பிடித்தது.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. பெட்டியில் எல்லோரும் யாருடனாவது பேசிக்கொண்டு வந்தார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஒரு பெரியவர், "எந்த ஊரு?" என்று கேட்டார். "சிதம்பரம்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினொன்று ஐந்துக்கு இறங்கினேன்.

வீடு பூட்டியிருந்தது. என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "தங்கச்சி காட்டுமன்னார்கோயில் போயிடுச்சு மச்சான், அவுங்க அம்மா வூட்டுக்கு. நீங்க வருவீங்கன்னு அது நம்பல."

பன்னிரண்டே முக்காலுக்குக் கடலூர் திரும்ப ஒரு வண்டி உண்டு. தெருமுனையில் வெகுநேரம் நின்றேன். பிறகு கீழவீதிக்கு நடந்தேன்.

டாக்டரம்மா முதலில், "சாப்டீங்களா?" என்றார். அப்புறம், "அலமாரிச் சாவி உங்ககிட்ட வராது. மத்த எல்லா வேலையும் இருக்கு. பின்னால அறை காலி. ஆசை வந்தா மறைக்காம எங்கிட்ட வந்து சொல்லணும்."

பல நாள் போய்ச் சொன்னேன். பேச்சுக் கொடுப்பார், கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்வார். ஜூனில் ஒரு தடவை தவறினேன். அதையும் போய்ச் சொன்னேன். அவர் போலீசுக்கு ஆள் அனுப்பவில்லை. "நாளையிலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க" என்றார்.

இந்த வழியில் வருகிறவர்கள் விடுதலைத் தேதியை முன்கூட்டியே யாருக்காவது எழுதிப் போடுங்கள். ஒருவரும் இல்லையென்றால், முதல் நாள் போய் நிற்க ஓர் இடத்தை உள்ளே இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வீடாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிளம்பும் அன்றைக்கு யோசிக்க முடியாது.

அந்த ஐப்பசியில் என் மனைவி ஞானம், அவள் அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்க வரிசையில் வந்து நின்றாள். அவள் நீட்டிய பாட்டிலில் மிக்சரை ஊற்றினேன். முகத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நடுங்கல" என்றாள்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமும் வந்தாள். அம்மாவுக்கு இருமல் போய்விட்டதாம்.