சம்பந்தி வீட்டு அலமாரியில் என் பீங்கான்

தமிழில் பீங்கான் என்றால் சீனத்து வழவழப்பான கோப்பை, சாடி. மலாய்க்காரர்களுக்கோ சோறு தின்கிற எந்தத் தட்டும் பிங்கான்தான், பிளாஸ்டிக்காக இருந்தாலும். மலைத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்து எடுத்தே வயதான எனக்கு இதை யார் சொல்வார்? எழுபதுகளின் கடைசியில் தானா ராத்தா டவுனில் ஒரு சீனர் கடைக்குப் போய், கல்யாணச் சீருக்கு நல்ல பீங்கான் வேண்டும் என்றேன். கடை முதலாளியான தவுக்கே பிளாஸ்டிக் தட்டை எடுத்துப் போட்டார். வேண்டாம் என்றேன். தகரத் தட்டு வந்தது.

"தங்காச்சி, இதுவும் பிங்கான், அதுவும் பிங்கான். உனக்கு என்னா பிங்கான்லா வேணும்?"

"டீ குடிக்கிற பீங்கான், தவுக்கே!"

"ஐயோ, தட்டுல யாரு டீ குடிப்பா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. கடைசியில் மேல் அடுக்கில் இருந்த கெட்டிலையும் கோப்பை, சாசர்களையும் கையால் காட்டினேன்.

அவற்றை இறக்கியதும் அவர் குரலே மாறிவிட்டது. ஒரு கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தார். அந்தப் பக்கம் இருந்த அவர் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. நகத்தால் சுண்டினார், கோயில் மணி மாதிரி நின்று கேட்டது. அந்தக் காலத்துச் சீன ராஜாக்கள் மற்ற ராஜாக்களுக்கு இதைத்தான் அன்பளிப்பாக அனுப்பினார்களாம். கப்பலில் அடியில் பீங்கான், அதற்கு மேல் தேயிலை. தண்ணீர் புகுந்தாலும் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, தேயிலையும் நனையாது. அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தேயிலைக்காரி கொடுக்க இதைவிடப் பொருத்தமான சாமான் ஏது?

அதை வாங்க எனக்குக் காரணம் இருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் கம்போங் ராஜா. சொந்தப் பூந்தோட்டம், சொந்த லோரி. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா, "தோட்டத்து லைன் வீட்டுப் புள்ள, தகர மங்குல குடிச்சுப் பழகியிருக்கும்" என்று சிரித்தாள். அவள் வீட்டில் ஒரு நாள் என் பீங்கானில், அவளுக்குச் சமமாக உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

சீர்த் தட்டைப் பார்த்ததும் அவள், "உடையிற சாமானை யாராச்சும் சீர்ல வைப்பாங்களா சம்பந்தி?" என்றாள். ஆனால் திருப்பித் தரவில்லை. கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு நான் போகும்போதெல்லாம் எனக்குப் பிளாஸ்டிக் கோப்பைதான். "நல்ல நாள் வரட்டும் சம்பந்தி, எடுப்போம்." தீபாவளி வந்தது, பேரன் பிறந்தான், காது குத்தினார்கள். அவளுக்கு எதுவுமே நல்ல நாள் இல்லை. மகளிடம் கேட்டால், "விடும்மா, நீ போயிருவ, நான்தான் இங்க இருக்கணும்" என்பாள்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது அவர்களிடம் பூ வாங்குகிற சீனத் தவுக்கே திரிங்காப்பிலிருந்து வந்தார். அலமாரி திறந்தது! அவருக்கு என் கோப்பையில் டீ. அவர் குடித்து முடித்து, அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்து, "பாகூஸ், நல்ல சாமான்! எங்க கிடைச்சது?" என்றார்.

"எங்க வீட்ல ரொம்ப நாளா இருக்கு தவுக்கே" என்றாள் சம்பந்தி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அது என் பீங்கான், தவுக்கே! நான் வாங்கிக் கொடுத்தது!"

அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "பிங்கான் இல்ல அம்மா, இது சாவான். டீ குடிக்கிறது சாவான்லா" என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அவங்களுக்குத் தட்டுக்கும் கோப்பைக்கும் வித்தியாசம் தெரியாது தவுக்கே. லைன் ஆளுங்க." மகள் வாசற்படியில் தலை குனிந்து நின்றாள்.

நான் எழுந்து போய் அவர் முன்னால் இருந்த சாசரை எடுத்தேன்.

"தவுக்கே, இது தட்டுதானே? அப்ப இது பிங்கான்."

"ஆமா, அது பிங்கான் மாதிரிதான்" என்றார் பாவம் மனிதர்.

என் பிளாஸ்டிக் கோப்பையில் இருந்த டீயை அதில் ஊற்றி, சம்பந்திக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன். எங்கள் மலைத் தேயிலைதான். இத்தனை பேச்சில் ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது. அவள் எழுந்து வந்து, சாசரை வாங்கிப் பூட்டி வைக்கச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றாள்.