கொலைகாரன் பெயர் வராத கதைகள்

அம்மா வேலை பார்த்த கம்பெனிக்கு மூன்றே அறைகள். கண் தெரியாதவர்களுக்குப் போனில் கதை கேட்க ஒரு செயலி. அதற்கு நிரல் எழுதுவது அவள் வேலை. புகார்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான்.

கதை பாதியில் நிற்கிறது என்று முதலில் புகார் வந்தது. அது மேலாளர் எழுதிய பகுதி. கதையின் ஒலி நெட்வொர்க்கில் துண்டு துண்டாக வரும்; நாலாயிரம் பைட், அதாவது ஒரு செகண்ட் ஒலி, கேட்டால் சில சமயம் எண்ணூறுதான் வரும். மிச்சம் பின்னால் வந்துகொண்டிருக்கும். குறைவாக வந்தாலே கதை முடிந்ததென்று அவர் எழுதிவைத்திருந்தார்.

“ஒண்ணுமே வரலைன்னாதான் சார் முடிவு. கொஞ்சமா வந்தா மறுபடி கேக்கணும்,” என்றாள் அம்மா.

மேலாளரே திருத்தினார். இப்போது செயலி நாலாயிரம் சேரும்வரை காத்திருக்கும். சேராததைத் தூக்கிப் போட்டுவிடும். எந்தக் கதை சரியாக நாலாயிரம் நாலாயிரமாக முடிகிறது? கடைசித் துண்டு, அதிலிருக்கும் கடைசி வார்த்தையோடு, ஒவ்வொரு முறையும் காணாமல் போனது.

துப்பறியும் கதை மட்டுமே கேட்கும் பெரியவர் ஒருவர் அம்மாவின் சொந்த எண்ணுக்கே கூப்பிடுவார்.

“ஏம்மா, ‘கொன்னது வேற யாருமில்ல, அந்த’ அதோட நின்னுபோச்சு. எந்த?”

“டிரைவர்ங்க ஐயா.”

“அடப்பாவி! நான் அநியாயமா டாக்டரை சந்தேகப்பட்டுட்டேனே!”

முடிவு வந்ததும் கையில் மிஞ்சியிருக்கும் துண்டையும் செயலி ஒலிக்கவிட வேண்டும். அம்மா அதை ஐந்து வரியில் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் வெளியிடவில்லை.

“கடைசி ஒரு செகண்ட்தானே மேடம், யாருக்குத் தெரியப்போகுது?”

உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலும் என்னிடம் மேலாளரைத் திட்டிக்கொண்டே வந்தாள். “மனுஷனுக்குத் தலைக்குள்ள என்னதான் இருக்கோ! நான் படுத்துட்டா அந்தப் பெரியவருக்கு யாருடி சொல்லுவாங்க?”

அவள் வீடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் அவள் போன் அடித்தது. பெரியவர் ஒரு கதையின் பெயரைச் சொல்லி, “யாரும்மா கொன்னது?” என்றார். அம்மாவின் கம்ப்யூட்டரில் தேடினேன்.

“மாமனாருங்க ஐயா.”

“நெனச்சேன்! என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு. சளியா?”

அப்புறம்தான் சொன்னேன்.

“இதை மொதல்ல சொல்லக்கூடாதாம்மா?” என்றார். “நான்பாட்டுக்குக் கொலைகாரனைக் கேட்டுக்கிட்டு...”

கம்பெனிக்குப் போனேன். “உங்கம்மா மாதிரி வருமா?” என்று மேலாளர் ஆரம்பித்தார்.

“அவங்க எழுதினதை வெளியிடுங்க சார்.”

“அடுத்த மாசம் பாக்கலாம்மா.”

“நானும் இதே வேலைதான் பாக்கறேன். அஞ்சு வரி. படிங்க, உக்காந்திருக்கேன்.”

படித்தார். மறுபடி படித்தார். “சரியாத்தான் இருக்கு.”

“அது எனக்குத் தெரியும்.”

சாயங்காலத்துக்குள் வெளியிட்டார்.

பெரியவர் அதன்பின் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது? இதற்காகத்தானே அம்மா மல்லுக்கு நின்றாள். ஆனாலும் அவள் போனைத் தினமும் சார்ஜில் போடுகிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.