மாரிக்கண்ணன் கேட்காத சத்தம்

வண்டிக்குள் ஏதோ டிக் டிக்கென்று அடிக்கிறது என்று தெருவே சொன்னது. அந்தப் பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரரான மாரிக்கண்ணனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுகிற ஆளாக அவர் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பெரிய மனிதர் தோரணையில் தலையை ஆட்டிவிட்டு, கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவார்.

பரளச்சிக்குப் பக்கத்து ஊர் அவருக்கு. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் கொத்தமல்லியும் மிளகாயும், பெய்யாவிட்டால் வேலிக்கருவை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிற சில தோட்டங்களில் மட்டும் மல்லிகை உண்டு. விடியுமுன் பறிக்கிற மொட்டுகளை வாங்கிக்கொண்டுபோய் அருப்புக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் சேர்ப்பதுதான் மாரிக்கண்ணனின் பிழைப்பு. மார்கழியில் பூ கைப்பிடி கைப்பிடியாகத்தான் கிடைக்கும், விலையோ உச்சியில் நிற்கும். மொட்டு வாய் திறப்பதற்குள் தராசுக்குப் போய்விட வேண்டும். மார்க்கெட் கலைந்த பிறகு கொண்டுபோனால் மாலை கட்டுகிறவர்கள்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

மார்கழி என்பதால்தான் வினையே வந்தது. மற்ற மாதமாக இருந்தால் அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. இப்போதோ பெண்கள் எல்லோரும் கோலமாவும் கையுமாக வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டு முத்துத்தாய் அண்ணன் முறைக்காரர் பெண்டாட்டி. கொழுந்தனைச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. "கொழுந்தனாரே, உங்க வண்டி கடியாரத்தை முழுங்கிருச்சா? வைத்தியம் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். வண்டி வெளிச்சத்தில் அவள் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டார் மாரிக்கண்ணன். பார்த்திராவிட்டால் அதுவும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். ஒரு ஹாலுக்குள் அத்தனை மெசினும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையும் உதட்டு அசைவும்தான் பாசை. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று அப்போதே சொன்னார்கள். யார் வைத்தார்கள்? வாலிபத் திமிர். காது ஒரே நாளில் போகவில்லை, கயிறு நைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நைந்தது. முதலில் கொசுச் சத்தம் போனது, பிறகு போன் மணி. மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பூ லோடுக்கு இறங்கினார். எதிரே நின்று வெளிச்சத்தில் பேசினால் முக்கால்வாசி புரிந்துவிடும். ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலக் கண்ணாடி. பஸ் வருவதைக் காதால் கேட்பதற்குப் பதில் கண்ணால் பார்த்துக்கொள்வார்.

இதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஊரிலேயே பெரிய மல்லிகைத் தோட்டம் நவநீதகிருஷ்ணனுடையது. வேறு ஊர்ப் பூ லோடுக்காரர் ஒருவரைப் பற்றி அவர் ஒருநாள் பேச்சுவாக்கில், "டமாரச் செவிடு கையில பூவக் குடுத்தா, பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சாத் தெரியுமா? பூவும் போகும், ஆளும் போகும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது மாரிக்கண்ணனின் முகத்துக்கு நேரே என்பதால் ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. அன்றைக்குப் பூட்டிய வாய்தான். கட்டின பெண்டாட்டி சோலையம்மாளிடம்கூடத் திறக்கவில்லை.

முத்துத்தாயின் வாய்க்குப் பயந்தே அன்று பூவை இறக்கியதும் மெக்கானிக் ஆனந்தகுமாரிடம் போனார். வண்டி அத்தனை தூரம் ஓடிவந்து கொதித்துப்போய் நின்றது. ஆனந்தகுமார் முறுக்கிப் பார்த்தான், காதைச் சாய்த்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. "சூடேறினா அமுங்குற சத்தம் போலண்ணே. மெலிசா டிக் டிக்குன்னா, கனமா டக் டக்குன்னா? எங்க இருந்து வருது?" என்று கேட்டான்.

கேட்டே இராத சத்தத்தைப் பற்றி ஒரு மனிதர் என்ன சொல்வார்? தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "கனமாத்தான் வருது. உள்ளுக்குள்ள இருந்து" என்று கண்ணை மூடிக்கொண்டு அளந்துவிட்டார். கனமான சத்தம் என்றால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனந்தகுமாரின் முகம் சுருங்கிவிட்டது. குளிர்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து கனமாக அடித்து, சூடானதும் நிற்கிறது என்றால் பிஸ்டன் அது ஓடுகிற குழலான போருக்குள் தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம், என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், வண்டி ஒரு வாரமாவது இங்கே கிடக்கும் என்றான். ஒரு வாரம் வண்டி இல்லையென்றால் நவநீதகிருஷ்ணன் பூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாரா? லோடு ஆட்டோ வைத்திருக்கிற மருதுபாண்டி எப்போது இடம் காலியாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். கை மாறிய லோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஆனந்தகுமார் நல்லவன். இது உங்க வாய்ச்சொல்ல வச்சுச் சொல்றதுதான், என் காதால நான் கேக்கல என்றான். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்துக் கொடுத்து, காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, முனையை என்ஜினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கச் சொன்னான். சத்தம் எந்த இடத்தில் கனக்கிறதோ அங்கேதான் நோவு, வந்து சொல்லுங்க, அப்புறம் பிரிக்கலாம் என்றான்.

அன்று சாயங்காலம் வண்டி ஆறியதும், வீட்டுக்குப் பின்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்து மாரிக்கண்ணன் திருப்புளியைக் காதில் வைத்துப் பார்த்தார். காது கிச்சுக்கிச்சு மூட்டினதுதான் மிச்சம். இடது காதுக்கு மாற்றினார். அதுவும் அப்படியே. இரவு சோறு இறங்கவில்லை. காது இரண்டும் பிரயோசனம் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் அன்றைக்குத்தான் அழுகை வரப் பார்த்தது.

விடியற்காலையில் சோலையம்மாள் கோலம் போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். மாரிக்கண்ணன் திருப்புளியை நீட்டி, வண்டியை எடுக்கப்போவதாகவும் இதைக் காதில் வைத்து எங்கே அடிக்கிறது என்று கேட்கும்படியும் சொன்னார். கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

"ஏன், உங்களுக்குக் காது இல்லையா?" என்றாள், எப்போதும் கேட்கிற எடக்குதான்.

"இருக்கு. கேக்காது."

எத்தனை நாளா என்று கேட்டாள். மில்லில் இருக்கும்போதே ஆரம்பித்தது என்றார். டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எடுங்க வண்டிய" என்றாள். உதடு அவருக்குத் தெரிய வேண்டும் என்பதை அதற்குள் அவளே கண்டுகொண்டிருந்தாள்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. அவள் குனிந்து திருப்புளியை மேலே வைத்தாள், பக்கத்தில் வைத்தாள், அடியில் வைத்தாள். ஒவ்வோர் இடத்துக்கும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு திருப்புளியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா கேட்டாள். டார்ச்சை மறுபடி முகத்தில் அடித்து, "இரும்புக்குள்ள இல்லங்க. உள்ள வெறும் உறுமல்தான். இதை எடுத்துட்டாத்தான் நல்லாக் கேக்குது. வெளிய, காத்துல இருக்கு. முன்னால, கீழ" என்றாள்.

காத்துல என்ற சொல் அவள் உதட்டில் அசைந்தபோது மாரிக்கண்ணனுக்குள் ஏதோ திறந்தது. மில்லில் மெசினுக்குக் காற்று போகிற குழாய்கள் உண்டு. இணைப்பில் காற்று கசிந்தால் சாதாரண இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். மில் ஹாலில் எவன் காதுக்கு அது கேட்கும்? அங்கே கசிவைக் காதால் தேட மாட்டார்கள். ஒரு இழை நூலை எடுத்து ஒவ்வோர் இணைப்பாகக் காட்டிக்கொண்டே போவார்கள். நூல் ஆடினால் அங்கே ஓட்டை. அவரே நூறு தடவை செய்த வேலை.

சோலையம்மாள் பூக்கட்டுகிற நூல்கண்டு மாடத்தில் இருந்தது. சாண் நூலைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார். வண்டி இன்னும் சூடேறவில்லை. என்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் புறப்படுகிற இடத்தில், கை சுடாத தூரத்தில் நூல் நுனியைப் பிடித்தார். நுனி வெளியே துள்ளியது, அடங்கியது, மறுபடி துள்ளியது. "சத்தத்த என் தோள்ல தட்டிக்காட்டு" என்றார். அவள் பின்னால் நின்று ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தாள். விரல் விழுகிறபோதெல்லாம் நூல் துள்ளியது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இருவரும் அப்படியே குனிந்து நின்றார்கள். வண்டி சூடேறச் சூடேற இரும்பு விரிந்து இடுக்கு அடைபட்டது. நூல் சோர்ந்து, கடைசியில் சும்மா தொங்கியது. தோளில் அவள் விரலும் நின்றது. மாரிக்கண்ணனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்து வாசலிலிருந்து கொட்டுக்கொட்டென்று பார்த்த முத்துத்தாயிடம் ஒரு சிரிப்பு வேறு சிரித்துவைத்தார். பிஸ்டனும் இல்லை, போரும் இல்லை. குழாய்வாயில் இருக்கிற வளையம் தேய்ந்து புகை கசிகிறது, அவ்வளவுதான்.

அவர் கிளம்பப் போகும்போது சோலையம்மாள் முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இத்தன வருசமா நான் பேசப்பேச நீங்க திரும்பாமப் போனதெல்லாம்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எளக்காரம்னு நெனச்சேன். இந்த மனுசனுக்கு நம்மளக் கண்டாலே ஆகலன்னு நெனச்சு, எத்தனையோ பேச்ச நான் பேசாமலே விட்டுட்டேன்."

மறைத்தது ஊருக்குப் பயந்து. அடிபட்டது வீட்டுக்குள் இருந்த ஒருத்தி. பூவுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழி நெடுக அதே நினைப்பு.

ஆனந்தகுமார் கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். பிரிக்க வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்று என்று சொன்னதும், நேற்று கனமாக அடிக்கிறது என்றீர்களே என்று அவன் கேட்டான். "எனக்குக் காது கேக்காதுப்பா. நேத்துச் சொன்னது புளுகு. கேட்டது எங்க வீட்டுல" என்றார் மாரிக்கண்ணன். எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னபோது, பயந்த மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனந்தகுமார் வண்டியைச் சுற்றி அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்று, நூலை வைத்துப் பார்த்ததை மறுபடி சொல்லச் சொன்னான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் புது வளையத்தை மாட்டிவிட்டான்.

இனி விஷயம் ஊருக்குப் போகக் கால் வேண்டியதில்லை. அதனால் திரும்புகிற வழியில் நவநீதகிருஷ்ணன் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, தானே சொல்லிவிட்டார். நவநீதகிருஷ்ணன் மோட்டார் ரூமுக்குப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு, "இத்தன நாளு ஒரு பூக் கசங்காமக் கொண்டுபோன ஆளுதான் நீ. ஆனா தெரிஞ்ச பெறகு எனக்கு மனசு கேக்காது மாரி. ஆஸ்பத்திரியில காட்டி மெசினு வாங்கிக் காதுல மாட்டு. அதுவரைக்கும் காது கேக்குற ஒரு ஆளப் பின்னால உக்கார வச்சுக்க. இல்லாட்டி மருதுபாண்டிகிட்டத்தான் குடுக்கணும்" என்றார். ஆள் கிடைக்க ஒருநாள் தவணை.

மார்கழிப் பனியில் கோழி கூவுமுன் எழுந்து இன்னொருத்தன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துவர எவன் கிடைப்பான்? யோசித்து யோசித்து அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் சோலையம்மாளை எதிரே உட்காரச் சொன்னார். நீ கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது கேள் என்றார். அதற்குக் கணக்கு வழக்கே இல்லை என்றாள் அவள். பெரிசாக ஒன்றிருந்தால் அதைச் சொல் என்றார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சித்திரையில ஒருநாள் நீங்க வண்டி தொடச்சிட்டு இருந்தீக. பின்னால நின்னு கேட்டேன். தெனம் என்னையும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பூக் கட்டி விக்கிறேன்னு. நீங்க தொடச்சுக்கிட்டே இருந்தீக. சரி, பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

மார்கழிப் பூ ஒரு பைக்குள் அடங்கிவிடும், அதை முன்னால் டேங்கின்மேல் வைத்துக்கொள்ளலாம். பின் சீட்டு காலியாகத்தான் போகிறது. மாரிக்கண்ணன் எழுந்துபோய், மூட்டை இடிக்கிறது என்று பல நாளாக மடக்கியே வைத்திருந்த பின்பக்கக் கால்மிதிகளைக் காலால் தட்டி இறக்கினார். துருப்பிடித்து இறங்க மறுத்தன, இரண்டு தடவை ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது.

பிறகு நிலைக்கதவில் நின்ற சோலையம்மாளிடம் திரும்பி, "பனி அடிக்கும். காலையில தலைக்கு எதையாச்சும் கட்டிக்க" என்றார்.